வாலைப் பார்க்க வந்த மாப்பிள்ளை

என்னைப் பெண் பார்க்க வந்தவர் என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு மர விமானத்தின் வாலைப் பார்த்தார். பார்த்ததோடு நிற்காமல், அது சரியில்லை என்றும் சொன்னார். அந்த விமானத்தைச் செய்தவள் நான்.

எழுபதுகளின் தொடக்கம் அது. கடல் நடுவே எங்கள் தீவில், டெலானிபூர் மேட்டில் ஒரு குவார்ட்டர்ஸில் அண்ணன், அண்ணி, நான் என மூன்று பேர் இருந்தோம். அண்ணனுக்கு ஃபெர்ரியில் சுக்கான் பிடிக்கும் வேலை. எனக்குப் பள்ளியில் விஞ்ஞானம் நடத்தும் வேலை. அப்பா அம்மா போன பிறகு என்னைப் படிக்கவைத்ததும், டீச்சர் டிரெய்னிங்குக்காக மெட்ராஸுக்குக் கப்பலேற்றி அனுப்பியதும், முடித்து வந்தவளைத் துறைமுகத்தில் நின்று இறக்கிக்கொண்டதும் அண்ணன்தான். எங்கள் தாத்தாவை வெள்ளைக்காரன் விலங்கோடு கொண்டுவந்து இறக்கியதோடு சரி, எங்கள் வீட்டு ஆண்கள் யாரும் அதற்குப் பிறகு தீவை விட்டு நகரவில்லை. என்னையும் உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்துவிட வேண்டும் என்பது அண்ணனின் தீர்மானம்.

அதற்குத் தோதாக அபர்டீன் பஜார் பக்கத்தில் ஒரு கணக்கர் இருந்தார். சொந்த மரவீடு, மாற்றல் இல்லாத வேலை, எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். பேச்சு ஏறக்குறைய முடிந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து, கார் நிக்கோபாரில் விமானப்படையில் இருக்கும் ஒரு தமிழ்ப் பையனைப் பற்றி ஃபெர்ரியில் யாரோ சொல்ல, "வந்து பாக்கட்டுமே" என்று அண்ணன் மரியாதைக்குச் சொல்லிவைத்தார். அந்தப் பையன் வந்தே விட்டார். சிவகாசிப் பக்கத்துக்காரர். போர் விமானங்களின் உடம்பையும் இறக்கையையும் வாலையும் பழுது பார்ப்பது அவர் தொழில். கார் நிக்கோபாரில் சாமான் ஏற்றும் டகோட்டா விமானத்தைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படாமல் ஏங்கிப் போயிருந்தார். மாதக் கடைசியில் மெயின்லேண்டில் ஒரு போர் விமானத் தளத்துக்கு மாற்றல். திங்கள் காலை கார் நிக்கோபாருக்கு டகோட்டா கிளம்பினால் அவரும் அதில் கிளம்பிவிடுவார். ஆக, அவர் பார்க்க வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்வதற்குள் அண்ணன் வாயிலிருந்து சரி என்று வராவிட்டால் நான் கணக்கர் வீட்டு மருமகள்தான். காலையில் இதைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் இல்லை. சாயங்காலத்துக்குள் உலகத்தில் இதைத் தவிர வேறு கவலையே இல்லை என்று ஆகிவிட்டது.

மழையில் நனைந்துகொண்டு இரண்டு பேர் வந்தார்கள். மாப்பிள்ளையும், அவருடைய மலையாளி நண்பர் ஒருவரும். பெரியவர்கள் யாரும் இல்லை. தீவில் இதெல்லாம் சகஜம். சிவகாசியிலிருந்து ஒரு தாய்மாமன் கப்பல் பிடித்து வந்து சேர்வதற்குள் பெண்ணுக்குக் குழந்தையே பிறந்துவிடும்.

மெயின்லேண்ட் வழக்கங்களில் பாதிதான் எங்கள் வீட்டில் மிச்சம் இருந்தது. ஜாதகம் எப்போதோ காணாமல் போய்விட்டது. பெண் வாய் திறக்கக்கூடாது என்பது மட்டும் எப்படியோ கப்பலேறி வந்து, உப்புக்காற்றில் துருப்பிடிக்காமல் பத்திரமாக இருந்தது. எனவே நான் தலையைக் குனிந்துகொண்டு காபித் தட்டோடு வந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. ரேடியோவின் மேல் இருந்த என் விமானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பப்பீத்தா என்று ஒரு மரம் எங்கள் காட்டில் உண்டு. பப்பாளிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தீக்குச்சிக்கு அறுக்கும் மரம், தூக்கினால் அட்டை போல் லேசு. மர மில்லில் கேட்டு வாங்கிய துண்டுகளைச் சீவி, எட்டாம் வகுப்புக்குக் காட்டுவதற்காக அந்த விமானத்தைச் செய்திருந்தேன். எறிந்தால் வகுப்பறையின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை கோடு போட்ட மாதிரி போகும். எனக்கு அதில் பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

"இது யாரு செஞ்சது?" என்று கேட்டார்.

"தங்கச்சிதான். ஸ்கூல் பச்சா பசங்களுக்குக் காட்ட" என்றார் அண்ணன்.

"அருமையா செஞ்சிருக்காங்க. எங்க ஊருக்குத் தீக்குச்சியா வர்ற மரம். வாலுதான் சரியில்ல."

தட்டில் தம்ளர்கள் கடகடவென்று ஆடின. பெண்ணுக்கு வெட்கம் என்று நினைத்து மலையாளி நண்பர் புன்னகைத்தார். வெட்கமாவது ஒன்றாவது! எனக்கு வந்தது கோபம். காபியை வைத்துவிட்டு நேராகச் சமையலறைக்குப் போய், பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்த அண்ணியிடம், "வாலுல என்ன கோளாறாம்? கேளுங்க" என்றேன்.

அண்ணி கரண்டியோடு வாசற்படிக்குப் போனாள். "வாலுல என்ன கோளாறுன்னு கேக்குறா."

"பெரிசா இருக்குங்க. ஆளுங்க ஏறிப் போற விமானத்துக்கு இது சரி. சண்டை விமானத்துக்கு இப்படி வச்சா, எதிரி பின்னால வந்து நிதானமா சுட்டுட்டுப் போவான்."

அண்ணி திரும்பி வந்தாள். "பெரிசா இருக்காம். சுட்டுருவானாம்."

"வாலு பெரிசா இருந்தா காத்து அதிகமா தள்ளும். அதிகமா தள்ளுனா சீக்கிரம் திரும்பும். ஆறாங்கிளாஸ் புள்ளைக்குத் தெரியும் இது. அப்படியே சொல்லுங்க."

அண்ணி அப்படியே சொல்லவில்லை. ஆறாம் வகுப்பை வழியிலேயே இறக்கிவிட்டு, "காத்து தள்ளுமாம்" என்று மட்டும் சொன்னாள். அவர் அதற்கு நீளமாக ஒரு பதில் சொன்னார். அண்ணி கேட்டுக்கொண்டு வந்தாள், என் முகத்தைப் பார்த்தாள், வாணலியைப் பார்த்தாள். "எனக்கு ஒண்ணும் புரியல. பஜ்ஜி கருகுது. நீங்களே பேசிக்குங்க" என்றாள். கப்பலேறி வந்த கடைசி வழக்கமும் அத்தோடு போனது.

நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அவர் கதவைப் பார்த்துப் பேசினார்.

"வாலுக்கு ரெண்டு வேலைங்க. மூக்கு அங்க இங்க அலையாம இழுத்துப் பிடிக்கறது ஒண்ணு. திரும்பறப்ப மூக்கைத் தூக்கிக் குடுக்கறது இன்னொண்ணு. நீங்க முதல் வேலைக்கு மட்டும் வால் வச்சிருக்கீங்க. விமானி திருப்பினாலும், இல்லப்பா நேராவே போவோம்னு அது அடம் பிடிக்கும்."

"அப்ப வாலையே வெட்டிட்டா நல்லா திரும்புமோ?"

"திரும்புங்க. திரும்பிக்கிட்டே இருக்கும், நிக்காது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கதவுக்குப் பின்னால் இருந்ததால் தப்பித்தேன்.

"சண்டை விமானம் ரெண்டுக்கும் நடுவுல இருக்கணுங்க. கொஞ்சம் நிலைகொள்ளாமத்தான் இருக்கணும். ஆனா விழுந்துடக் கூடாது. அந்த நடுவைக் கண்டுபிடிக்கத்தான் வாலைப் பெருசாக்கி, சிறுசாக்கி, மேல ஏத்தி, கீழ இறக்கி இவ்வளவு பாடு படுறாங்க."

"மேல ஏத்துனா என்ன, கீழ இறக்குனா என்ன?"

"மூக்கு ரொம்ப நிமிந்தா, இறக்கையில அடிபட்டுக் கலங்கின காத்து பின்னால வருங்க. வாலு அதுல மாட்டிக்கிச்சுன்னா செத்த வாலு. விமானி என்ன இழுத்தாலும் கேக்காது. அதான் பல சண்டை விமானத்துல வாலைத் தாழ்வா வச்சிருப்பாங்க." பேசப்பேச அவர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "அதையும் விடுங்க. பழைய விமானத்துல வாலோட பின் ஓரம் மட்டும் கதவு மாதிரி மடங்கும். சத்தத்தோட வேகத்துக்குக் கிட்டப் போறப்ப, அந்தக் கதவை எவ்வளவு மடக்கினாலும் விமானம் லேசுல மதிக்காது. என்ன பண்ணாங்க தெரியுமா? முழு வாலையுமே அசைய விட்டுட்டாங்க."

"முழு வாலுமா?"

கேட்டபோதுதான் தெரிந்தது, நான் கூடத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். எப்போது வெளியே வந்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"அப்படியே முழுசா" என்று அவர் இடது கையை இறக்கையாக நீட்டி, வலது உள்ளங்கையை அதன் பின்னால் வைத்து மெல்லச் சாய்த்தார். முன் ஓரம் கீழே, பின் ஓரம் மேலே. அதற்கு ஏற்ப இடது கை எழும்பிச் சுழன்றது. இவர் எனக்கு வேண்டும் என்று அந்தக் கை சாய்ந்தபோதுதான் தோன்றியது. கண்ணைப் பார்த்து மயங்குகிறவர்கள் உண்டு, குரலைக் கேட்டு மயங்குகிறவர்கள் உண்டு. நான் ஒரு வாலின் சாய்வைப் பார்த்து மயங்கினேன். தலைகால் புரியவில்லை எனக்கு.

அண்ணனுக்குப் பொறுமை போய்விட்டது. "க்யா பாய், நீங்க பொண்ணு பாக்க வந்தீங்களா, வாலு பாக்க வந்தீங்களா?"

மலையாளி நண்பருக்குப் பஜ்ஜி புரையேறியது. மாப்பிள்ளையின் காது சிவந்தது. இனி எழுந்து கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார், சமாச்சாரம் முடிந்தது என்று நினைத்தேன். ஏதாவது செய்ய வேண்டும். விமானத்தை எடுத்துக்கொண்டு, "மழை விட்டுடுச்சு. செஞ்சே பாத்துடலாம்" என்று முற்றத்துக்கு நடந்தேன். அவர் பின்னாலேயே ஓடி வந்தார்.

எங்கள் முற்றத்துக்குக் கீழே சரிவில் ஒரு தென்னை நின்றது. முற்றத்திலிருந்து எறிந்தால் விமானம் அதைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். முதலில் என் பெரிய வால். நான் எறிந்தேன். தென்னையை ஏறெடுத்தும் பார்க்காமல் நேராகப் போனது, ரோட்டைத் தாண்டியது, கீழ் வீட்டு வங்காளி அம்மாளின் தகரக் கூரையில் போய் உட்கார்ந்தது.

"சத் பே ஜஹாஜ் கிரா!" என்று அந்த அம்மாள் அலறினாள். கூரைமேல் கப்பல் விழுந்துவிட்டதாம். எங்கள் ஊரில் கப்பலும் ஜஹாஜ்தான், விமானமும் ஜஹாஜ்தான். அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் அதைப் பார்க்க வெளியே வந்தார்கள். வந்தவர்கள் போகவும் இல்லை.

மலையாளி நண்பர் கூரையிலிருந்து விமானத்தை மீட்டு வந்தார். மாப்பிள்ளை பேனாக்கத்தியால் சின்னதாக ஒரு வால் சீவி நூலால் கட்டினார். என் கையில் கொடுத்தார். எறிந்தேன். தும்மல் வந்த மாதிரி மூக்கைத் தூக்கி மேலே பாய்ந்து, ஒரு கணம் அப்படியே நின்று, வால் முதலாகக் கீழே விழுந்தது.

"பாத்தீங்களா? திரும்புச்சுல்ல?" என்றார்.

"விழுந்துச்சு."

"திரும்பிட்டுத்தான விழுந்துச்சு?"

மூக்கில் கொஞ்சம் பாரம் வேண்டும் என்று முடிவானது. பாரம் முன்னால் இருந்தால் விமானம் சாது, பின்னால் போகப் போக முரடு. வாலின் குணமும் அதைப் பொறுத்து மாறும். ஒரு ஆணியைக் குத்திப் பார்த்தோம், கனமாகிவிட்டது. அண்ணி உள்ளே போய் ஒரு உருண்டைப் புளியோடு வந்தாள். "இது ஒட்டுமா பாருங்க. வேணுங்கறத கிள்ளிக்கலாம்." உலகத்தில் வேறு எந்தப் போர் விமானமும் புளியால் நிதானப்பட்டிருக்காது. எறிந்தோம், கிள்ளினோம், மறுபடி எறிந்தோம். பாதி வட்டம் வரை வந்தது, பிறகு செம்பருத்திச் செடிக்குள் போய் விழுந்தது. நானும் அவரும் ஒரே சமயத்தில் அதை எடுக்கக் குனிந்து தலையில் முட்டிக்கொண்டோம். வலித்தது, ஆனந்தமாகவும் இருந்தது.

அதுவரை கையைக் கட்டிக்கொண்டு நின்ற அண்ணனால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "அரே, இதுல சுக்கான் எங்க?" என்று சரிவில் இறங்கி வந்தார். "திரும்பணும்னா சுக்கானத் திருப்பணும். பின்னால செங்குத்தா ஒரு வாலு நிக்குதே, அது அழகுக்கா? குடு இங்க." குத்து வாலை இடப்பக்கம் வளைத்தார்.

அது வேலைக்கு ஆகாது என்று எனக்குத் தெரியும், மாப்பிள்ளைக்கும் தெரியும். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அன்று அவர் என் முகத்தைச் சரியாகப் பார்த்தது அப்போதுதான். இரண்டு பேரும் அண்ணனுக்கு வழி விட்டு ஒதுங்கி நின்றோம்.

அண்ணன் எறிந்தார். விமானத்தின் மூக்கு இடது பக்கம் திரும்பியது, உடம்பு மட்டும் போன திசையிலேயே பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போனது. பிறகு ஒரு இறக்கை சரிய, சாக்கடையில் குப்புற விழுந்தது. கூட்டம் ஓவென்று கத்தியது. அண்ணனின் முகம் கறுத்தது.

"படகுன்னா அடிக்கட்டையைத் தண்ணி பிடிச்சுக்கும்ங்க" என்றார் மாப்பிள்ளை, மிகவும் பதமாக. "இதுக்குப் பிடிச்சுக்க ஒண்ணுமில்ல. சாஞ்சாத்தான் திரும்பும். சாச்சுட்டு, வாலால மூக்கைத் தூக்கணும்."

"சாஞ்சா கவுந்துடாதா?"

"கவுந்துடும்னு பயந்தா சண்டை விமானத்துல ஏறவே முடியாதுங்க."

அண்ணன் விமானத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். "இன்னொரு தபா" என்றார். இறக்கை நுனியை நான் லேசாக முறுக்கினேன், விமானம் சாய்வதற்காக. மாப்பிள்ளை நடுத்தரமாக ஒரு வால் செய்து, முழு வாலையும் சாய்த்துக் கட்டினார். எறிந்தது அண்ணன்தான். யாரிடமும் கொடுக்கவில்லை. இன்னொரு தபா, இன்னொரு தபா என்று லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சரிவில் ஏறியும் இறங்கியும் அவரே எறிந்தார், அவரே எடுத்தார்.

திடீரென்று நின்று, "திரும்பும்போது பின்பக்கம் வெளிய வழுக்குது, பாத்தியா?" என்றார். "படகு இப்படி வழுக்குனா நான் அடியில பலகை கூட்டுவேன்." சோப்பு டப்பா அட்டையைக் கிழித்து, வாலின் அடியில் ஒரு துடுப்பு மாதிரி ஒட்டினார்.

மாப்பிள்ளை குதித்தே விட்டார். "அதேதாங்க! நெசமாவே சண்டை விமானத்துக்கு வயித்துக்கடியில அப்படி வைப்பாங்க!"

அண்ணன் எறிந்தார். விமானம் சாய்ந்தது, மூக்கைத் தூக்கியது, தென்னையை ஒட்டி அப்படியே வழுக்காமல் வளைந்து, மலையாளி நண்பரின் பஜ்ஜித் தட்டுக்கு மேலாகப் பறந்து வந்து முற்றத்தில் இறங்கியது. வங்காளி அம்மாள் கை தட்டினாள். அண்ணன் மாப்பிள்ளையை இடுப்போடு தூக்கிச் சுற்றினார். எனக்குப் பூமியில் கால் பாவவில்லை. எல்லாம் முடிந்துவிட்டது, சுபம் என்றுதான் நினைத்தேன்.

கை கழுவக் குழாயடிக்குப் போன இடத்தில், அண்ணன் அண்ணியிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"நல்ல பையன். ஆனா வேணாம்."

"ஏன்?"

"போயிடுவா."

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.  அண்ணன் சொன்னது பொய் இல்லை. அவரைக் கட்டிக்கொண்டால் போகத்தான் போவேன். போக வேண்டும் என்றும் இருந்தது. அண்ணனை விட்டுவிட்டு எப்படிப் போவது என்றும் இருந்தது. குழாயை இறுக்கி மூடிவிட்டு உள்ளே போனேன்.

இருட்டுவதற்குள் விருந்தாளிகள் கிளம்பினார்கள். பஸ் நிறுத்தம் வரை அண்ணன் கூடப் போனார். மரியாதைக்குத்தான். நானும் அண்ணியும் பின்னால் நடந்தோம்.   ரோடு முழுக்க மலையாளி நண்பர் மட்டும் பஜ்ஜியைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டு வந்தார்.

பஸ் கண்ணுக்குத் தெரிந்ததும், "உங்களுக்கு மாத்தல் ஆகியிருக்கற ஊருக்கு ஸ்டீமர் போகுமா?" என்று கேட்டார் அண்ணன்.

எப்படியாவது போகும் என்று சொல்லிவிட மாட்டாரா என்று இருந்தது எனக்கு.

"போகாதுங்க" என்றார் அவர். "பஞ்சாப் பக்கம். கடலே கிடையாது. மெட்ராஸ்ல இறங்கி, ரயில்ல போகணும். ரெண்டு ராத்திரிக்கு மேல ஆகும்."

அண்ணன் தலையை ஆட்டினார். பஸ் வந்து நின்றது. நண்பர் ஏறிவிட்டார். மாப்பிள்ளை அண்ணனைக் கும்பிட்டுவிட்டு, என் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, படியில் கால் வைத்தார். கண்டக்டர் விசிலை வாய்க்குக் கொண்டுபோனார்.

"ருக்கோ, ருக்கோ" என்று அண்ணன் பஸ்ஸின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அந்த வயது வரை ரயிலைக் கண்ணால் பார்க்காத மனிதர் அவர். குரலைத் தாழ்த்தி, கண்டக்டருக்குக் கேட்டுவிடக் கூடாது என்பது போல் கேட்டார்:

"ரயில்ல நம்மள மாதிரி ஆளு படுக்கறதுக்கு எடம் இருக்குமா? தூக்கத்துல கீழ விழ மாட்டேன்ல?"

"நல்லாப் படுத்துக்கிட்டே வரலாம்ங்க" என்றார் மாப்பிள்ளை. "நானே ஸ்டேஷனுக்கு வந்து இறக்கிக்கறேன்."

அண்ணன் கம்பியை விட்டார். அண்ணி பக்கம் திரும்பி, "அப்ப தேதி பாரு" என்றார். நான் நடுரோட்டில் நின்று சிரித்தேன், அழுதேன். பஸ் இன்னும் கிளம்பவில்லை.